திருச்சி–காரைக்குடி லைனை எந்த சிமுலேட்டரில் கட்டலாம்?

கணினியில் ரயில் ஓட்டிப் பார்க்கும் ரயில் சிமுலேட்டரில் கொஞ்ச காலம் ஊறியவர்களுக்கு ஓர் ஆசை தானாகவே வந்துவிடும். ஜெர்மனி லைனும் இங்கிலாந்து லைனும் ஓட்டியாயிற்று, இனி நம்ம ஊர் லைனை ஓட்ட வேண்டும். யாரும் கட்டித் தரவில்லை என்றால் நாமே கட்டிவிட வேண்டும். செட்டிநாட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது எந்த லைன் என்பதில் குழப்பமே கிடையாது. திருச்சியில் கிளம்பி, கீரனூர், புதுக்கோட்டை, நமணசமுத்திரம், திருமயம், செட்டிநாடு, கோட்டையூர் என்று வந்து காரைக்குடியைத் தொடும் சுமார் 90 கிலோமீட்டர்தான் அது. அதற்கும் தெற்கே தேவகோட்டை ரோடு, கல்லல், சிவகங்கை வழியாக மானாமதுரை வரை போனால் ஏறக்குறைய 150.

"அண்ணே, எதுல ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு வரும் தம்பிகளிடம் பெரும்பாலும் ஒரு சுமாரான லேப்டாப்பும், யூடியூபில் பார்த்த பளபளப்பான ஒரு வீடியோவும் இருக்கும். அந்த வீடியோவில் ஓடிய சிமுலேட்டரைத்தான் மனதில் முடிவு செய்து வைத்திருப்பார்கள். நான் அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். படம் எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த லைன் என்ன கேட்கிறது, அதை எந்த சிமுலேட்டர் கொடுக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லைன் கேட்பது என்ன

"மலை கிடையாது, சுரங்கம் கிடையாது, தட்டை நிலம்தானே, சுலபம்" என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் மலைப் பாதையில் நிலத்தின் உயரம் ஐந்து மீட்டர் தப்பினால்கூட யார் கண்ணிலும் படாது. தட்டை நிலத்தில் இரண்டு மீட்டர் தப்பினால் போதும், கண்மாய்த் தண்ணீர் கரைக்கு மேலே நிற்கும், மண்மேட்டில் போக வேண்டிய தண்டவாளம் பள்ளத்தில் போகும். இந்த ஊரைத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் பார்த்தவுடனே "இது நம்ம ஊர் இல்லையே" என்று சொல்லிவிடுவார்.

கண்மாய்கள்தான் இங்கே நிலத்தின் அமைப்பையே தீர்மானிக்கின்றன. மேல் கண்மாய் நிறைந்து கழுங்கில் வழிந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அடுத்ததற்குப் போகும். ஒவ்வொன்றின் நீர்மட்டமும் வேறு. இவற்றுக்கு நடுவே மண்மேடு போட்டு, வாய்க்கால் வரும் இடமெல்லாம் சின்னச் சின்னப் பாலம் வைத்து லைன் போகிறது. ஊரை நெருங்கினால் செம்புறாங்கல் படிக்கட்டு வைத்த ஊருணிகள் வரும். இடையில் செம்மண் பொட்டல், தைலமரத் தோப்பு, பனை, தெற்கே போகப் போக சீமைக்கருவேல். திருமயத்தில் பாறைக் குன்றின் மேல் 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை. இவ்வளவும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது செட்டிநாட்டு லைன்.

அடுத்து, இது ஒற்றைத் தடம். எதிரில் வண்டி வந்தால் ஒன்று ஸ்டேஷனில் உள்ள பக்கத் தடமான லூப்பில் ஒதுங்கி நிற்க வேண்டும், இதைத்தான் கிராசிங் என்பார்கள். ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ், சேது, பல்லவன், சிலம்பு, அப்புறம் பாசஞ்சர்கள், சரக்கு வண்டி எல்லாம் ஒரே தண்டவாளத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கிராசிங்குக்காகக் காத்திருக்கும் அந்தப் பத்து இருபது நிமிடம் இந்த லைனின் குணத்தில் பாதி. எதிர் வண்டியே வராமல் பச்சை பச்சையாக சிக்னல் விழுந்துகொண்டிருந்தால் என்ன அழகாகக் கட்டினாலும் அது வேறு லைன் ஆகிவிடுகிறது.

கடைசியாக, 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையும் நம் சிக்னல் முறையும். பெரும்பாலான சிமுலேட்டர்கள் 1,435 மில்லிமீட்டர் பாதையை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

எதில் கட்டினாலும் செய்ய வேண்டிய அளவு வேலை

சிமுலேட்டர்களை ஒப்பிடுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சிமுலேட்டரில் கட்டும் லைன்களில், அதாவது ரூட்டுகளில், பாதி இங்கேதான் கெட்டுப்போகின்றன.

நில உயரத்துக்கு எல்லோரும் எடுப்பது எஸ்ஆர்டிஎம் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ரேடார் மூலம் அளந்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். மலை நாட்டுக்கு அது போதும். நம் ஊருக்கு வந்தால் இரண்டு சிக்கல். ஒன்று, தட்டை நிலத்தில் புள்ளிக்குப் புள்ளி சில மீட்டர் மேலும் கீழும் தடுமாறும். இரண்டு, ரேடார் வெறும் தரையை மட்டும் பார்ப்பதில்லை, மரத்தையும் கூரையையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. தைலமரத் தோப்பு இருக்கும் இடம் தரவில் ஒரு மேடாக வந்து உட்கார்ந்துவிடும். தோப்புக்கு நடுவே போகும் லைன் ஏதோ மலையை வெட்டிப் போட்ட பாதை மாதிரி தெரியும். மரத்தையும் கட்டடத்தையும் கழித்துத் திருத்திய ஃபேப்டெம் என்ற தரவு இப்போது வணிகமல்லாத வேலைக்கு இலவசமாகக் கிடைக்கிறது. செட்டிநாட்டுக்கு அதையே எடுங்கள்.

அதற்கு மேலும் துல்லியம் வேண்டுமா? ரயில்வேயே எழுதி வைத்திருக்கிறது. ஸ்டேஷனின் மஞ்சள் பெயர்ப் பலகையில் மூன்று மொழிப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று ஓர் எண் இருக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. ரூட் கட்டுகிறவருக்கு அது தங்கம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் உறுதியான உயரம் கிடைத்துவிடுகிறது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே லைன் ஓரத்தில் ஏற்ற இறக்கப் பலகைகள் நிற்கும். எவ்வளவு தூரத்துக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது, இறங்குகிறது என்பது அதில் இருக்கும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வீடியோ எடுத்து, கிலோமீட்டர் கல்லையும் இந்தப் பலகையையும் சேர்த்துக் குறித்தால் லைனின் முழு ஏற்ற இறக்கமும் காகிதத்தில் வந்துவிடும். ஸ்டேஷன் உயரங்களோடு அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எங்கே ஒரு பலகை விட்டுப்போயிற்று என்பதும் தெரிந்துவிடும்.

வளைவுக்கும் இப்படித்தான். நம் ரயில்வேயில் வளைவை டிகிரியில் சொல்வார்கள். 1,750ஐ அந்த டிகிரியால் வகுத்தால் ஆரம் மீட்டரில் கிடைக்கும். ஒரு டிகிரி வளைவு என்றால் 1,750 மீட்டர், இரண்டு டிகிரி என்றால் 875. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வளைவைக் கோடு பிடித்து அளந்து, கிடைக்கும் ஆரத்தைப் பக்கத்திலுள்ள சரியான டிகிரிக்குத் திருத்திக்கொள்ளலாம்.

அளவெடுக்கிறேன் என்று யாரும் தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவில் அது குற்றம். அதைவிட, இப்போது மின்சார வண்டிகள் சத்தமில்லாமல் வந்துவிடுகின்றன. டிக்கெட் எடுத்து ஜன்னலில் இருந்தும், கேட்டிலும் பாலத்திலும் சாலையில் நின்றும் பார்த்தாலே தேவையானது எல்லாம் கிடைக்கும்.

ஓப்பன் ரெயில்ஸ்

2001இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெய்ன் சிமுலேட்டரின் வாரிசு இது. மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. அதே கோப்பு அமைப்பை எடுத்துக்கொண்டு, இலவசமாக, திறந்த மூல மென்பொருளாக ஓப்பன் ரெயில்ஸ் அதை ஓட வைக்கிறது. ரூட் கட்ட டிஎஸ்ஆர்இ என்ற எடிட்டர் இருக்கிறது, அதுவும் இலவசம். உயரத் தரவை எச்ஜிடி கோப்பாகக் கொடுத்தால் நிலத்தை எழுப்பிக் கொடுக்கும்.

இதன் பெரிய பலம் டைம்டேபிள் முறை. ஒரு விரிதாளில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பத்தி. கட்டத்துக்குள் வரும் நேரம், கிளம்பும் நேரம். பக்கத்தில் சில கட்டளைகள் போடலாம். கிளம்பும் நேரம் நெருங்கும் வரை, ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப அனுமதி தரும் ஸ்டார்ட்டர் சிக்னலைச் சிவப்பிலேயே பிடித்து வை என்று சொல்லலாம், இன்ன வண்டி வந்து சேரும் வரை காத்திரு என்று சொல்லலாம். ஒற்றைத் தடத்துக்கு வேண்டியது இதுதான். திருமயம் மாதிரி ஒரு ஸ்டேஷனில் பாசஞ்சரை லூப்பில் விட்டு, எக்ஸ்பிரஸை மெயினில் கடத்தி, அப்புறம் ஸ்டார்ட்டர் சிவப்பிலிருந்து மாறுவதைப் பார்த்துக் கிளம்பும் அனுபவம் இங்கே இயல்பாக வருகிறது. ஒரு வண்டி தாமதமானால் அந்தத் தாமதம் அடுத்த கிராசிங்கிலும் எதிரொலிக்கும். இதைச் செய்யும் வசதி மற்ற சிமுலேட்டர்களில் இந்த அளவுக்கு இல்லை.

இந்திய வண்டிகளுக்கும் பஞ்சமில்லை. ஆல்கோ இன்ஜின்கள், டபிள்யூடிபி-4 வரிசை, டபிள்யூஏபி-7, ஐசிஎஃப் பெட்டி, எல்எச்பி பெட்டி எல்லாம் நம் நாட்டு ஆர்வலர்கள் பல வருடமாகச் செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். நீங்கள் கட்டியதைப் பக்கத்து வீட்டுப் பையனும் ஓட்டிப் பார்க்க முடியும் என்பது சின்ன விஷயம் இல்லை.

இனி குறைகள். முதல் குறை தண்ணீர். இதில் நிலம் 2,048 மீட்டர் சதுரங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு சதுரத்துக்குள் வரும் தண்ணீருக்கெல்லாம் ஒரே மட்டம், நான்கு மூலையின் உயரத்தை மாற்றிச் சாய்க்கலாம், அவ்வளவுதான். இரண்டு கிலோமீட்டருக்குள் மூன்று கண்மாய் மூன்று மட்டத்தில் இருக்கும் செட்டிநாட்டில் இது நேராகவே இடிக்கும். வழி இருக்கிறது: சதுரத்தின் பெரிய கண்மாய்க்கு மட்டும் உள்ளே இருக்கும் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். மற்றவற்றுக்கும் ஊருணிகளுக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருளில் ஒரு தட்டையான நீர்ப்பரப்பைச் செய்து பொருளாக வைத்துவிடலாம். வண்டியில் இருந்து பார்க்கும் தூரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

கண்மாய்க் கரையும் இப்படித்தான். நிலத்தில் 8 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். மேலே ஒரு மாட்டு வண்டி போகும் அகலமே உள்ள கரையை நிலத்தை இழுத்துச் செய்தால் அது குன்று மாதிரி பரந்துவிடும். கரையைத் தனி மாடலாகச் செய்து, நீள நீளத் துண்டுகளாக அடுக்குங்கள். கழுங்குக்கு ஒரு துண்டு, மடைக்கு ஒரு துண்டு, மேலே பனை வரிசை. ஒரு முறை செய்துவிட்டால் புதுக்கோட்டை முதல் சிவகங்கை வரை அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது குறை பலருக்குத் தெரிவதில்லை. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்க மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்ட முறையில், வட அரைக்கோளத்தின் கிழக்குப் பக்கத்துக்கு நடுக்கோடு 30 டிகிரி தீர்க்கரேகை. நாம் இருப்பது 78 டிகிரியைத் தாண்டி. அதனால் நம் பகுதி படம் முழுக்க ஏறக்குறைய 8 டிகிரிக்கு மேல் சரிந்துவிடுகிறது. வடக்கிலிருந்து தெற்காக வரும் இந்த லைனில் அந்தச் சரிவால் திருச்சிக்கும் காரைக்குடிக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தூரம் கூடிவிடும். கிலோமீட்டர் கல்லை சிமுலேட்டரின் தூரக் கணக்கில் நட்டால் காரைக்குடி யார்டுக்குள் தப்பான கல் வந்து நிற்கும். கல்லை அதன் பக்கத்திலுள்ள கேட், பாலம், ஸ்டேஷன் கட்டடம் ஆகியவற்றோடு பொருத்தி நடுங்கள். ஓட்ட நேரத்தில் வரும் வித்தியாசம் இரண்டு மூன்று நிமிடம்தான், டைம்டேபிளில் அதை அடக்கிவிடலாம்.

தண்டவாளம் துண்டு துண்டாக வரும். ஆரம் முன்கூட்டியே நிர்ணயித்த துண்டுகள். நமக்கு வேண்டிய 1,750, 875 வேண்டுமென்றால் டைனமிக் டிராக் என்ற துண்டை எடுத்து எண்ணை நாமே கொடுக்க வேண்டும். தடம் பிரியும் இடமான பாயின்ட்ஸில் மட்டும் அந்தச் சுதந்திரம் கிடையாது. நம் மெயின் லைன்களில் வழக்கமான 12க்கு 1 பாயின்ட் என்றால் கோணம் 4.76 டிகிரி. அதை ஒட்டிய கோணத்தில் உள்ள துண்டைத் தேடி எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தண்டவாளத்தின் வடிவக் கோப்பை மாற்றி அகலப் பாதையும் பிஎஸ்சி (கான்கிரீட்) ஸ்லீப்பரும் கொண்டுவரலாம். கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் என்ற நம் கணக்கில், ஏறக்குறைய 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. வெளிநாட்டு மரக் கட்டைத் துண்டை அப்படியே போட்டால் முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ட்ரெய்ன்ஸ்

ஆஸ்திரேலியாவில் பிறந்தது, இதுவும் 2001 முதல் இருக்கிறது. கட்டுவதில் இருக்கும் சுகத்தைப் பற்றி மட்டும் பேசினால் இதுதான் முதலிடம். தண்டவாளத்தைக் கம்பியை வளைப்பது போல இழுத்து வளைத்து வைத்துக்கொண்டே போகலாம். வைத்த இடத்தில் உடனே வண்டியை இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். வேலி, கண்மாய்க் கரை, மின்கம்பி, சாலை எல்லாமே அதே மாதிரி இழுத்துப் போடும் பொருட்கள். டிரான்ஸ்டெம் என்ற தனிக் கருவி மூலம் உயரத் தரவையும் வரைபடத்தையும், பூமியை மண்டலம் மண்டலமாகப் பிரித்து விரிக்கும் யுடிஎம் முறையில் கொண்டுவரலாம். செட்டிநாடு யுடிஎம்மின் 44ஆவது மண்டலத்தில் வருகிறது. மேலே சொன்ன சரிவு இங்கே கிடையாது, கிலோமீட்டர் கல் அதன் இடத்தில் உட்காரும். புதிய பதிப்புகளில் நிலத்தின் நுணுக்கமும் மிகக் கூடியிருக்கிறது. செம்மண்ணில் வண்டித் தடம் விழுந்த ஓரத்தைக்கூடக் காட்டலாம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்து வீதிகளைக் கட்டி அதற்குள் நடந்து பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசையாக இருந்தால் யோசிக்காமல் ட்ரெய்ன்ஸ் எடுங்கள். பிளெண்டரில் செய்த வீட்டை எஃப்பிஎக்ஸ் கோப்பாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். செட்டிநாடு என்றவுடன் எல்லோரும் முதலில் மாடலிங் செய்யத் தொடங்குவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டைத்தான். முகப்பு, வளவு, பின்கட்டு, ஆத்தங்குடிக் கல் என்று மாதக் கணக்கில் போகும். இன்ஜினில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் எதுவும் தெரியாது. லைன் ஊருக்கு வெளியே போகிறது. தூரத்தில் ஓட்டுக் கூரை வரிசை, மரங்களுக்கு மேல் ஒரு கோபுரம், அவ்வளவுதான். அந்த உழைப்பைக் கேட், கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் நிற்கும் விசில் பலகை, சின்னப் பாலங்கள், ஐயனார் கோயில் புரவிகள், ஸ்டேஷன் பெஞ்சு, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றில் போட்டால் ரூட் உயிர் பெறும்.

ட்ரெய்ன்ஸ் எனக்குத் தயக்கம் தருவது இரண்டு இடத்தில். தானாக ஓடும் வண்டிகளை ஒற்றைத் தடத்தில் கிராசிங்குக்குப் பழக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒவ்வொரு வண்டிக்கும் கட்டளை வரிசை எழுதி, பாயின்ட்ஸ் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வண்டி தாமதமானால் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். அடுத்து காசு. மென்பொருளை வாங்க வேண்டும், அண்மைப் பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். நீங்கள் கட்டியதை ஓட்ட நினைப்பவரும் அதே பதிப்பை வைத்திருக்க வேண்டும்.

ஓப்பன்பிவிஇ

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் மனமாரச் சொல்வது இது. முழுக்க இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், பழைய கணினி போதும். எடிட்டரே தேவையில்லை. ரூட் என்பது ஓர் எழுத்துக் கோப்பு. இத்தனையாவது மீட்டரில் இத்தனை ஆரத்தில் வளைவு, இத்தனையாவது மீட்டரில் ஆயிரத்துக்கு இவ்வளவு ஏற்றம், இங்கே ஒரு பொருள் என்று வரி வரியாக எழுதிக்கொண்டே போவதுதான். 200க்கு 1 ஏற்றம் என்றால் 5 என்று எழுத வேண்டும். மேலே சொன்ன ஏற்ற இறக்கப் பலகைக் குறிப்புகளை நேராக இதில் ஏற்றிவிடலாம். பாதை அகலத்தையும் ஒரே வரியில் 1676 என்று கொடுத்துவிடலாம். நிலம் என்று தனியாக ஒன்று கிடையாது, லைனுக்கு இரண்டு பக்கமும் வைக்கும் பொருள்தான் நிலம். அதனால் உயரத் தரவுத் தலைவலியும் கிடையாது.

சிக்னலில் ஒரு கவனம் தேவை. இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. அங்கே இரட்டை மஞ்சள் ஒற்றை மஞ்சளைவிடக் கடுமையானது. நம் ஊரில் நேர்மாறு. இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலைக் கவனி, ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா. உள்ளே இருக்கும் சிக்னலை அப்படியே போட்டால், ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே எச்சரிக்கும் டிஸ்டன்ட் சிக்னல் தப்பாகக் காட்டும், நம் வரிசையில் சொந்தமாக சிக்னல் பொருள் செய்து வைக்க வேண்டும்.

குறை என்னவென்றால், ஓட்டுகிறவருக்கு ஒரே ஒரு பாதைதான். எதிர் வண்டி லூப்பில் நிற்பதைக் காட்சியாக வைக்கலாம், உண்மையான கிராசிங் ஆகாது. காரைக்குடி யார்டில் இன்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுவரும் வேலைக்கெல்லாம் இடமில்லை. கோட்டையூருக்கும் காரைக்குடிக்கும் நடுவே ஒரு துண்டைச் செய்து, லோகோ பைலட் பார்வையில் ஓட்டிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

மற்ற இரண்டு

ட்ரெய்ன் சிமுலேட்டர் கிளாசிக்கில் தண்டவாள வடிவவியல் மிக நேர்த்தி. நேர்ப்பாதையில் இருந்து வளைவுக்குப் படிப்படியாக மாறும் இடம்கூடச் சரியாக வரும். எடிட்டரும் கூடவே கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலான பொருட்கள் காசு கொடுத்து வாங்கிய ரூட்டுகளில் இருந்து எடுப்பவை. நீங்கள் பயன்படுத்திய ரூட் எல்லாவற்றையும் ஓட்டுகிறவரும் வாங்கியிருக்க வேண்டும். இந்திய வண்டிகளும் குறைவு. ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் வண்டிகளை விடும்போது அதன் அனுப்பும் முறை அடிக்கடி முரண்டு பிடிக்கும். நம் லைனுக்கு ஒத்துவராது.

ட்ரெய்ன் சிம் வேர்ல்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். படம் பிரமாதம். அன்ரியல் எடிட்டரில் வேலை செய்யப் பலமான கணினியும் ஒரு குழுவும் வேண்டும். தனி ஆள் வேலை இல்லை.

எந்தக் காலத்து லைன்?

சிமுலேட்டருக்கு அடுத்த முடிவு இது, இதுவும் வேலையை இரட்டிப்பாக்கவோ பாதியாக்கவோ செய்யும்.

தென்னிந்திய ரயில்வே 1929–30இல் இந்த லைனைத் திறந்தபோது அது மீட்டர் கேஜ். அந்தக் காலத்தைக் கட்ட நினைப்பது அழகான ஆசைதான். ஒய்பி நீராவி இன்ஜின், பிறகு ஒய்டிஎம்-4 டீசல், கை காட்டி சிக்னல், ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கும் டோக்கன். ஆனால் பழைய யார்டு வரைபடம் கிடைப்பது கஷ்டம், பார்த்தவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும், பொருள் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும். முதல் ரூட்டுக்கு வேண்டாம்.

இன்றைய மின்மயமான லைனை எடுத்தால் கண்ணெதிரே அளந்துகொள்ளலாம், மின்கம்பியைத் தாங்கும் கம்பமான மாஸ்ட்டில் இருக்கும் எண் தகடே கிலோமீட்டரையும் சொல்லிவிடும். ஆனால் 90 கிலோமீட்டருக்கு மாஸ்ட் நட வேண்டும். இரண்டு மாஸ்ட்டுக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர், வளைவில் அதைவிடக் குறையும். அதாவது ஆயிரத்துக்கு மேல் மாஸ்ட், யார்டுகள் தனி. கம்பி தொய்வு தெரியாமல், தண்டவாளத்துக்கு மேல் சுமார் ஐந்தரை மீட்டரில் ஓட வேண்டும். இதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தால் கண்மாயும் பனையும் எப்போது வரும்?

ஆகவே என் பரிந்துரை நடுக்காலம்: அகலப் பாதை வந்து, பல்லவன் காரைக்குடி வரை நீண்டுவிட்ட பிறகு, மின்கம்பி வருவதற்கு முன். கலர் லைட் சிக்னல், பொன்மலை ஷெட்டின் டீசல் இன்ஜின்கள், நீல ஐசிஎஃப் பெட்டிகள். எல்லாமே ஓப்பன் ரெயில்ஸில் ஏற்கெனவே இருக்கின்றன. வானம் கம்பியில்லாமல் திறந்திருப்பதால் திருமயம் கோட்டையும் தெளிவாகத் தெரியும். அந்த வருடங்களில் ரயில் ஆர்வலர்கள் எடுத்த வீடியோக்களும் ஏராளம். ரூட் முடிந்த பிறகு மாஸ்ட்டைச் சேர்த்து இன்றைய பதிப்பு ஒன்று வெளியிடலாம்.

ஆக, என் தேர்வு

ஓப்பன் ரெயில்ஸ், டிஎஸ்ஆர்இ, டீசல் காலம். தண்ணீர்ப் பிரச்சினையும் படச் சரிவும் நம் கையால் சமாளிக்கக் கூடியவை. கிராசிங் ஓடாத சிமுலேட்டரில் கிராசிங்கை நம்மால் உண்டாக்க முடியாது. ஓட்டுவதைவிடக் கட்டுவதே இன்பம் என்பவருக்கு, காசும் இருந்தால், ட்ரெய்ன்ஸ். கையில் காசும் இல்லை, கணினியும் பழசு என்றால் ஓப்பன்பிவிஇ, அதில் குறை ஒன்றும் இல்லை.

திருச்சி ஜங்ஷனில் இருந்து தொடங்காதீர்கள். அந்த யார்டு ஒன்றே ஒரு தனி ரூட்டுக்குச் சமம், அங்கேயே பலர் களைத்து விட்டுவிடுகிறார்கள். புதுக்கோட்டை–காரைக்குடி, சுமார் 36 கிலோமீட்டர், அதை முதலில் முடியுங்கள். இரண்டு மூன்று கிராசிங், ஒரு கோட்டை, கண்மாய் வரிசை, கடைசியில் ஓர் ஓரளவு பெரிய யார்டு. எல்லாம் அதற்குள் வந்துவிடும். அதை வெளியிட்டு, இந்த லைனில் வேலை பார்த்தவர் ஒருவரிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுங்கள். "ஹோம் சிக்னலுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் இறக்கம் வரணும் தம்பி" என்பது மாதிரி அவர் சொல்வதை எந்தத் தரவும் சொல்லாது. அப்புறம் வடக்கே கீரனூர் பக்கமா, தெற்கே கல்லல் பக்கமா என்று முடிவு செய்யலாம்.

வெளியிடும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கும். நீங்கள் பயன்படுத்திய இன்ஜின், பெட்டி, மரம், கட்டடம் ஒவ்வொன்றையும் யார் செய்தார்கள், எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்று தொடக்கம் முதலே ஒரு கோப்பில் எழுதி வாருங்கள். இலவசமாகக் கிடைத்தது எல்லாவற்றையும் மறுபடி பகிரும் உரிமை நமக்கு இருக்காது. செய்தவருக்கு எழுதி அனுமதி கேளுங்கள். பதில் வராத மாடலை ரூட்டோடு சேர்க்காமல், அது எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.